பதினாலாம் எண் வீட்டில் ஏழு நாள்

விசா இல்லை என்று கடிதம் வந்த எட்டாம் நாள், செவ்வாய்க்கிழமை பிற்பகல் சரியாக மூன்று மணிக்கு, செண்பகவல்லி வாடகைக்குப் பிடித்திருந்த வெளிநாட்டு வீடு, இனி இவள் வரப்போவதில்லை என்று தெரிந்துகொண்டதைப்போல, தானே கிளம்பி வந்து, கோவில்பட்டி எக்ஸ்சேஞ்ச் காலனி மூணாம் தெருவில் அவள் வீட்டு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்கும் துணி காயப்போடும் கம்பிக்கும் நடுவே உட்கார்ந்துகொண்டது. தொட்டி நிரம்பி வழிகிறதா என்று பார்க்க மேலே போனவள், கரும்பச்சை நிறக் கதவையும், அதில் பதினாலு என்று பதித்திருந்த பித்தளை எண்ணையும், கைப்பிடியில் தொங்கிய சின்னச் சாவிப்பெட்டியையும் பார்த்தாள். மோட்டாரை அணைக்கக் கீழே இறங்கினாள். அணைத்துவிட்டு, சாவிப்பெட்டியைத் திறக்கக் கைப்பேசியில் வந்திருந்த நாலு இலக்க எண்ணை ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொண்டு மறுபடி ஏறினாள். முப்பத்தொரு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஊரார் பேச்சை ஊராருக்கு இணைத்துவிட்டு ஓய்வு பெற்றவள் அவள். வந்த இணைப்பை ஏன் வந்தாய் என்று கேட்கும் பழக்கம் அவளுக்குக் கிடையாது.

மகன் கதிரேசன் அவளோடு பேசி ஆறு வருஷம் ஆகிறது. கடலுக்கு அந்தப் பக்கம், வருஷத்தில் முக்கால்வாசி நாள் தூறல் போடும் ஏதோ ஒரு துறைமுக ஊரில் அவன் இருந்தான். அந்த ஊரின் பெயர் காலனியில் யார் வாயிலும் நுழையாததால் எல்லோரும் அதைக் கதிரேசன் ஊர் என்றே சொன்னார்கள், தபால்காரர் உட்பட. போன வருஷம் அவன் தன் பள்ளிக்கூடச் சிநேகிதனின் குழந்தைக்குச் சட்டை அனுப்பினான். அந்தக் குழந்தையைப் பார்க்கப் போன செண்பகவல்லி, குழந்தையைக் கொஞ்சினாளோ இல்லையோ, பார்சல் உறையின் பின்பக்கத்தில் இருந்த இரண்டு வரி முகவரியை எழுத்துக்கு எழுத்து மனப்பாடம் செய்துகொண்டு வந்துவிட்டாள்.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த ஸ்டீபன், அந்த முகவரியைத் தட்டியதும் தெருவே திரையில் வந்து நின்றது. கதிரேசன் இருப்பது பதினோராம் எண் வீடு. மஞ்சள் கதவு. அதற்கு நேர் எதிரே, பதினாலாம் எண் கட்டடத்தின் இரண்டாம் மாடி, வருகிற போகிற பயணிகளுக்கு நாள்வாடகைக்கு விடப்படும் என்று படத்தோடு போட்டிருந்தார்கள்: ஒரு கூடம், ஒரு படுக்கையறை, அடுப்படி, தெருவைப் பார்த்த ஜன்னல்.

“ஏன் ஆன்ட்டி, அண்ணன் வீட்டுக்கே நேரா போயிரலாம்ல?” என்றார் ஸ்டீபன்.

“தட்டுனா திறக்கணும்ல,” என்றாள் செண்பகவல்லி.

அவளுடைய திட்டம் அவ்வளவுதான். ஏழு நாள் அந்த ஜன்னலில் உட்கார்ந்திருப்பது. அவன் ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தால், வரத் தோன்றினால், வரட்டும். ஒரு வார்த்தை பேசட்டும். தோன்றாவிட்டால், பிள்ளை எப்படி நடக்கிறான், இளைத்திருக்கிறானா என்று பார்த்த கண்ணோடு திரும்பிவிடலாம். இதற்காகப் பதினோரு மாதம் ஏற்பாடு செய்தாள். காது தெரிகிற மாதிரி போட்டோ எடுத்தாள். ஸ்வெட்டர் வாங்க மதுரைக்குப் போனாள். ஸ்டீபன் படிக்கப் படிக்க அந்த வீட்டின் விதிகளுக்கெல்லாம் சரி, சரி என்று தலையாட்டினாள். தங்குபவர் ஒருவர். வெளியாட்களை உள்ளே அழைக்கக் கூடாது. முன்பதிவை எக்காரணம் கொண்டும் ரத்து செய்ய முடியாது. அந்தக் கடைசி விதியில்தான் ஏதோ விசேஷம் இருந்திருக்க வேண்டும் என்று பிற்பாடு காலனியில் பேசிக்கொண்டார்கள். ரத்தும் ஆகாது, ஆளும் போக முடியாது என்றால் வீடுதான் பாவம் என்ன செய்யும்?

விசா மறுத்த கடிதத்தில், நீங்கள் திரும்பி வருவீர்கள் என்று நம்புவதற்குப் போதுமான காரணம் எங்களுக்குத் தென்படவில்லை என்று எழுதியிருந்தது. ஸ்டீபன் அதைச் செண்பகவல்லிக்குத் தமிழில் சொன்னார். “அவுக கண்ணுக்கே தெரிஞ்சிருக்கே,” என்றாள்.

வெளியிலிருந்து பார்க்க மாடிப்படி அறை அளவுக்குத்தான் இருந்தது அந்த வீடு. உள்ளே போனால் கூடம் விரிந்தது, அடுப்படி விரிந்தது, குளிர் வந்து கணுக்காலைப் பிடித்தது. நனைந்த கம்பளியும் ஏதோ சோப்பும் கலந்த வாசனை. மேஜையில் ஒரு தட்டில் பிஸ்கட் வைத்து, நல்வரவு என்று அந்த ஊர் மொழியில் சீட்டு எழுதியிருந்தார்கள். கதவுக்குப் பக்கத்துச் சுவரில், எக்ஸ்சேஞ்சில் இருந்த மாதிரியே ஒரு பேசும் கருவி தொங்கியது. எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தாள், உயிர் இல்லை. பிறகு ஜன்னல் திரையை விலக்கினாள். கீழே மூணாம் தெரு இல்லை. ஈரக் கல் பாவிய தெரு, குடை பிடித்த ஆட்கள், எதிரே பதினொன்று, மஞ்சள் கதவு. ஜன்னல் நாலு விரல் அகலத்துக்கு மேல் திறக்கவில்லை. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சாயங்காலம் தெருக்குழாயில் தண்ணீர் வந்ததும் குடம் வைக்காமல் விட்டது அவள் வாழ்க்கையில் அன்றைக்குத்தான்.

மறுநாள் பகல் பன்னிரண்டே முக்காலுக்கு, அங்கே காலை எட்டேகால் இருக்கும், மஞ்சள் கதவு திறந்தது. முதலில் ஜெயராணி, அவன் கட்டிக்கொண்ட பெண், நர்ஸ் உடுப்பின்மேல் கோட்டு மாட்டிக்கொண்டு வேகமாக நடந்து போனாள். பின்னால் கதிரேசன். முன்னந்தலையில் அவன் அப்பாவுக்கு விழுந்த மாதிரியே வழுக்கை விழுந்திருந்தது. அவன் கையைப் பிடித்துக்கொண்டு, சிவப்பு மழைக்கோட்டில், நாலு வயது இருக்கும், ஒரு பெண்குழந்தை. படியில் குதித்து இறங்கியது, தடுக்கியது, அவன் ஒற்றைக் கையால் தூக்கி நிறுத்தினான். தனக்கு ஒரு பேத்தி இருக்கிறாள் என்பது செண்பகவல்லிக்கு அந்த நிமிஷத்தில்தான் தெரியும். சிரித்தாள், கண்ணாடியைத் தட்டினாள், நாலு விரல் இடைவெளியில் வாயை வைத்து “கதிரேசா, ஏய்யா கதிரேசா” என்று கத்தினாள். சத்தம் அந்தப் பக்கம் போகவில்லை. கோவில்பட்டிக்குள்ளேயே விழுந்தது, பக்கத்து வீட்டுத் தவமணி காதில் விழுந்தது, அவள் ஈரக் கையோடு மாடியேறி வந்துவிட்டாள்.

“என்ன மதினி இது, மாடியில கட்டடம் எழுப்பியிருக்கீக, பக்கத்து வீட்டுக்காரி எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“நான் எழுப்பல தவமணி. அதுவா வந்திருக்கு.”

“அதுவா வந்தாலும் சொல்லணும்ல,” என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்ட தவமணி, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, அடுப்படியைப் பார்த்து, இதில் அரிசி களைய இடம் எங்கே என்று கேட்டு, ஜன்னலைப் பார்த்து, தெருவைப் பார்த்து, செண்பகவல்லியின் முகத்தைப் பார்த்து, “கதிரேசன் ஊரா?” என்றாள் மெதுவாக. அவள் கண்ணும் கலங்கிவிட்டது. அந்தக் கலங்கலோடு கீழே போனவள் வாயில் அது எத்தனை நேரம் தங்கும்? ரேஷன் கடை வரிசை முடிவதற்குள் அந்தச் சாவிப்பெட்டியின் நாலு இலக்கம் காலனி முழுவதற்கும் மனப்பாடமாகிவிட்டது.

எக்ஸ்சேஞ்ச் காலனிக்கு எதுவும் பழகிப்போகும். வியாழக்கிழமை காலை நகராட்சியிலிருந்து வந்தவர் பிளான் அப்ரூவல் கேட்டார், இல்லை என்றதும் தற்காலிகக் கொட்டகை என்று எழுதிக்கொண்டு போனார். மின்சார மீட்டர் பார்க்கிறவர் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்து, மீட்டர் கதிரேசன் ஊரில் இருக்கும்போல என்று முடிவு கட்டினார். வேர்க்குருப் பிள்ளைகளைத் தாய்மார்கள் சட்டை கழற்றிக் கொண்டுவந்து கூடத்தில் கிடத்தினார்கள். கொடைக்கானல் போனபோது வாங்கின குல்லாய்களெல்லாம் பெட்டியிலிருந்து வெளியே வந்தன. புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி அந்த ஊர்த் தூறல் பின்னால் தெரிகிற மாதிரி நின்று போட்டோ எடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பியது. தவமணி ஓர் ஏனம் இட்லி மாவைக் கொண்டுபோய் வைத்துப் பார்த்து, ராத்திரி முழுக்க வைத்தும் பொங்கவில்லை, என்ன ஊரோ என்று அலுத்துக்கொண்டாள். ஒருத்தரும் வெறுங்கையோடு வரவில்லை. சுவரில் மாட்டியிருந்த விதிகளை ஒருத்தரும் படிக்கவில்லை, படித்திருந்தாலும் அது யாரோ வெளியாட்களைப் பற்றியது என்றுதான் நினைத்திருப்பார்கள். அவர்கள் எப்படி வெளியாட்கள் ஆவார்கள்?

செண்பகவல்லி எல்லோரையும் வாங்க என்றாள். வந்தவர்களுக்குக் காபி கொடுத்தாள். பன்னிரண்டே முக்காலுக்கு மட்டும் நாற்காலியை ஜன்னலோடு ஒட்டிப் போட்டுக்கொண்டாள். வியாழக்கிழமையும் குழந்தை படியில் குதித்தது. கதிரேசன் நிமிரவில்லை.

“எப்படிப் பார்ப்பான்?” என்றாள் தவமணி. “புது வீட்டுக்குள்ள பால் காய்ச்சாம குடியேறியிருக்கீக. நாளைக்கு வெள்ளிக்கிழமை. நாலு பேரைக் கூப்பிட்டுப் பாலைக் காய்ச்சுங்க மதினி. அவன் பார்க்கானா இல்லையான்னு பாருங்க.”

நாலு பேரைக் கூப்பிடுவது என்பது காலனியில் ஒரு பேச்சு. வெள்ளிக்கிழமை பதினெட்டுப் பேர் வந்தார்கள். பால் பொங்கியது, கூரையில் பதித்திருந்த ஏதோ ஒரு வெள்ளை வட்டம் புகை பட்டுக் கீக்கீக் என்று அலறியது, ஸ்டீபன் நாற்காலிமேல் ஏறி அதை அமுக்கி அடக்கினார். காலனி சங்கத் தலைவர் ஆவுடையப்பன், எக்ஸ்சேஞ்சில் அவளுக்கு மேலதிகாரியாக இருந்தவர், சந்தனம் பூசி நடுக்கூடத்துச் சோபாவில் உட்கார்ந்தார். பன்னிரண்டே முக்கால் ஆனதும், இந்தா வந்துட்டான், இந்தா புள்ள, அப்பனை உரிச்சு வச்சிருக்கு என்று பதினெட்டுப் பேரும் ஜன்னலில் கவிந்துகொண்டார்கள். பதினெட்டு முகம் ஒரு ஜன்னலில் தெரிந்தால் யார்தான் பார்க்கமாட்டார்கள்? கதிரேசன் நிமிர்ந்து பார்த்தான்.

தவமணி சொன்னது பலித்தது. அவன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். ஆவுடையப்பன் முகத்தில் கொஞ்ச நேரம் நின்றான். எல்லோரும் கையாட்டினார்கள். பின்வரிசையில் மாட்டிக்கொண்ட செண்பகவல்லி, முன்னால் நின்ற இரண்டு பேரின் தோளுக்கு நடுவே, அவன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் திரும்பிப் போவதை மட்டும் பார்த்தாள். மஞ்சள் கதவு மூடியது. அதற்கு மேல் இருந்த ஜன்னலில் திரை விழுந்தது. சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் திரை விலகவே இல்லை.

அந்த முகங்களை அவன் அப்படிப் பார்த்ததற்குக் காரணம் இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவன் ஜெயராணியை அம்மாவிடம் காட்டக் கூட்டி வந்தான். கிளிப்பச்சைச் சேலை. செண்பகவல்லிக்குப் பார்த்தவுடனே பிடித்துப்போயிற்று. அந்தப் பெண் தண்ணீர் குடித்து முடிக்கும் முன் கூடம் நிறைந்துவிட்டது, யாரும் கூப்பிடவில்லை, யாரும் கூப்பிட வேண்டியதும் இல்லை. ஆவுடையப்பன்தான் அன்பாகக் கேட்டார்: அம்மாடி, எந்த ஊரு, அப்பா என்ன செய்றாக, ஊர்ல எந்தத் தெரு? அந்த மூன்றாவது கேள்விக்கு ஜெயராணி பதில் சொன்ன பிறகும் விடவில்லை. எந்தத் தெரு, தெருவில் எந்தப் பக்கம், எந்தக் கோயிலுக்குப் பக்கம் என்று ஆளாளுக்கு ஒரு விதமாகக் கேட்டார்கள். ஒருத்தர்கூடக் குரலை உயர்த்தவில்லை. கதிரேசன் எழுந்து அடுப்படி வாசலுக்கு வந்து, “அம்மா, இவங்கள போகச் சொல்லு,” என்றான். அவள் டம்ளர் எண்ணிக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்தவர்களைப் போ என்று எப்படிச் சொல்வது? அவள் புருஷன் பஸ் விபத்தில் போனபோது வந்து நின்றவர்கள் இவர்கள். ஒன்பது வயதுக் கதிரேசனைத் தன் சைக்கிளில் வைத்து ஐந்து வருஷம் பள்ளிக்கூடத்தில் விட்டவர் அந்த ஆவுடையப்பன். அவள் காபியை ஆற்றி, தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு வந்தபோது கூடத்தில் எல்லோரும் இருந்தார்கள், அவர்கள் இரண்டு பேரைத் தவிர.

திங்கட்கிழமை, வீடு வந்து ஏழாம் நாள், மறுநாள் காலை பதினோரு மணிக்கு அது காலி செய்யப்பட வேண்டும் என்று கைப்பேசியில் நினைவூட்டல் வந்தது. பதினோரு மணி என்பது நம் ஊர் நேரமா கதிரேசன் ஊர் நேரமா என்று காலனியில் சர்ச்சை நடந்து, வந்தது நம் ஊர் மூன்று மணிக்கு, ஆகவே போவதும் நம் ஊர் நேரப்படிதான் என்று தீர்ந்தது. செண்பகவல்லி அன்றைக்குத் தனியாக இருக்க ஆசைப்பட்டாள். வெறும் ஜன்னலில் வெறும் தன் முகத்தை அவன் பார்த்தால் போதும் என்று நினைத்தாள். ஆனால் பன்னிரண்டு மணிக்கே ஆவுடையப்பன் வந்தார், கைத்தடியை ஊன்றி ஊன்றி, இரண்டு மாடிப்படி வளைவிலும் நின்று மூச்சு வாங்கி வந்தார். பின்னால் தவமணி. பின்னால் பத்துப் பேர்.

“செண்பகம், நான் ராத்திரியெல்லாம் யோசிச்சேன்,” என்றார் ஆவுடையப்பன். “அன்னைக்கு நான் கேட்டது தப்புத்தான். அவன் ஜன்னலைத் திறக்கட்டும், எல்லார் முன்னாடியும் சொல்லுதேன். அந்தப் பொண்ணு கால்ல விழச் சொன்னாலும் விழுதேன். நீ தனியா எதுக்குக் கிடந்து தவிக்கணும்? நாங்க எதுக்கு இருக்கோம்?”

அவர் மனசாரத்தான் சொன்னார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. அப்படிச் சொல்கிற மனுஷனை என்ன செய்ய முடியும்? செண்பகவல்லி அடுப்படிக்குப் போய்ப் பாலை அடுப்பில் வைத்தாள். பன்னிரண்டு டம்ளர்.

கடைசி டம்ளரை அவள் கொடுத்து முடித்த நேரம், கதவுக்குப் பக்கத்துச் சுவரில் ஏழு நாளாக உயிரில்லாமல் தொங்கிய கருவி கரகரத்தது. செண்பகவல்லி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அதை எடுத்தாள்.

முதலில் அந்த ஊர் மொழியில் ஏதோ கேட்டது. மூச்சை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவாள் அவள்.

“கதிரேசா,” என்றாள்.

அந்தப் பக்கம் மழைச் சத்தம். ஒரு குழந்தை ஏதோ கேட்டது. பிறகு அவன் குரல், கொஞ்சம் தடித்துப்போய். “அம்மா. நீதானா? எப்படி வந்த?”

“எங்க வந்தேன். விசா குடுக்கலய்யா. வீடுதான் வந்துச்சு.”

அவனும் கோவில்பட்டியில் பிறந்தவன்தான். அதற்குமேல் அதைப் பற்றிக் கேட்கவில்லை. “வெள்ளிக்கிழமை ஜன்னல்ல பார்த்தேன்,” என்றான். “ஆவுடையப்பன் மாமா, தவமணி அத்தை எல்லாரும். இப்பவும் இருக்காங்களா?”

செண்பகவல்லி திரும்பிப் பார்த்தாள். பன்னிரண்டு பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“இருக்காகய்யா.”

“பாப்பாவைக் கூட்டிட்டுக் கீழ வாசல்ல நிக்கேன். ஜெயாகிட்டயும் சொல்லிட்டுத்தான் வந்தேன். அவங்கள போகச் சொல்லும்மா. மேல வாறோம்.”

கருவிக்குக் கீழே சாவிப் படம் போட்ட ஒரு பொத்தான் இருந்தது. அதை அமுக்கினால் கீழ்வாசல் திறக்கும் என்று பால் காய்ச்சிய அன்றே ஸ்டீபன் சொல்லியிருந்தார்; அப்படித் திறந்தால் ஏறி வருகிறவன் கோவில்பட்டி மொட்டை மாடிக்கு வந்து சேருவானா, எங்கே போய்ச் சேருவான் என்பது யாருக்கும் தெரியாது, இனி தெரியப்போவதும் இல்லை. செண்பகவல்லி பெருவிரலைப் பொத்தான்மேல் வைத்தாள். பாப்பா பேரென்ன என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை, ஏனென்றால் அதற்கு முன்னால் சொல்ல வேண்டிய ஒரு வார்த்தை இருந்தது, அதைச் சொல்ல அவள் திரும்பினாள், திரும்பியபோது ஆவுடையப்பன் காபியை அண்ணாந்து ஒரு வாய் குடித்துவிட்டு, என்னம்மா, வந்துட்டானா, என்று கண்ணாலேயே கேட்டார், தவமணி கும்பிட்ட கையை நெஞ்சில் வைத்திருந்தாள், ஒரு டம்ளரில்கூடப் பாதி குறைந்திருக்கவில்லை, எல்லா டம்ளரிலிருந்தும் ஆவி வந்தது, அறுபத்துமூன்று வருஷத்தில் வீட்டுக்கு வந்த ஒருத்தரையும் போ என்று சொல்லியிராத அந்த வாய் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது.

“இப்பத்தான்யா காபி குடுத்திருக்கேன்,” என்றாள் கருவிக்குள், ரகசியமாக. “குடிச்சிருவாக. ஒரு நிமிஷம் பொறு.”

அந்தப் பக்கம் குழந்தை மறுபடி ஏதோ கேட்டது.

“ஆறு வருஷமாவாம்மா அந்தக் காபியை ஆத்துற?” என்றான் கதிரேசன். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவளுக்கு ஒரு பிடிமானமாவது இருந்திருக்கும். இணைப்பு விட்டுப்போயிற்று.

அவள் பொத்தானை அமுக்கினாள். அமுக்கிக்கொண்டே இருந்தாள். கீழே எங்கேயோ ஒரு தாழ்ப்பாள் டிக்கென்று விடுபட்டது. ஜன்னலுக்கு ஓடினாள். அவன் குழந்தையோடு தெருவைக் கடந்துகொண்டிருந்தான். குழந்தை மட்டும் திரும்பி மேலே பார்த்தது. செண்பகவல்லி கையாட்டினாள். குழந்தையும் யாரென்று தெரியாமலே கையாட்டியது. மஞ்சள் கதவு திறந்தது, மூடியது.

“என்ன சொல்லுதான்?” என்று கூடமே கேட்டது.

“லைன் கட்டாயிருச்சு,” என்றாள் செண்பகவல்லி.

“அப்ப திரும்பக் கூப்பிடுவான்,” என்றார் ஆவுடையப்பன் நம்பிக்கையோடு. “கூப்பிடுற வரைக்கும் நாங்க இங்கதான் இருப்போம். உன்னை விட்டுட்டா போவோம்?” சொன்னபடியே அந்தி சாயும் வரைக்கும் இருந்தார்கள். இரண்டாம் தரமும் காபி போட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை செண்பகவல்லி விதிகளில் சொல்லியிருந்தபடி கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்தாள், குப்பையைக் கட்டினாள், விரிப்பை மடித்தாள். மதுரையில் வாங்கின ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டாள். பாஸ்போர்ட் இருந்த பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தாள். வெளியே வா என்று யாரும் கூப்பிடவில்லை. அவள் என்ன நினைக்கிறாள் என்பது எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது. வீடு அதன் ஊருக்குத்தானே போகும், உள்ளே இருக்கிறவளும் அதோடு போகத்தானே வேண்டும். தவமணி வாசலில் நின்று அழுதாள். சீக்கிரம் திரும்பி வாங்க மதினி என்றாள். கதவைச் சாத்திக்கொள்ளச் சொல்லிவிட்டு, காலனிக்காரர்கள் தண்ணீர்த் தொட்டி ஓரமாக ஒதுங்கி நின்றார்கள். பத்து ஐம்பத்தெட்டு. பத்து ஐம்பத்தொன்பது. எதிர்வீட்டு ஜன்னலில் திரை லேசாக அசைந்த மாதிரி இருந்தது. அது காற்றாகவும் இருக்கலாம்.

பதினோரு மணிக்கு வீடு போய்விட்டது. கரும்பச்சைக் கதவும் குளிரும் நாற்காலியும் போய்விட்டன. செண்பகவல்லி மொட்டை மாடிச் சிமெண்ட் தரையில், மடியில் பையோடு, ஜூன் மாத வெயிலில், ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருந்தாள். விசா இல்லாத ஆளை அது ஏற்றிக்கொண்டு போகவில்லை.

உடனே எல்லோரும் ஓடி வந்தார்கள். ஒருத்தர் குடை பிடித்தார், ஒருத்தர் விசிறினார், ஸ்டீபன் அவள் கையைப் பிடித்து எழுப்பப் பார்த்தார். ஆவுடையப்பனும் முடியாமல் முடியாமல் படியேறி வந்திருந்தார். அடுத்த வருஷம் மறுபடி எழுதிப் போடுவோம், நானே கையெழுத்துப் போடுதேன், காலனியே கையெழுத்துப் போடும், நீ கட்டாயம் திரும்பி வருவேன்னு நாங்க உத்தரவாதம் குடுப்போம் என்று சொல்லிக்கொண்டே போனார். தவமணி ஃபிளாஸ்க்கில் காபி கொண்டுவந்து டம்ளர்களைத் தரையில் வரிசையாக வைத்து ஊற்ற ஆரம்பித்தாள்.

செண்பகவல்லி அந்த டம்ளர்களைப் பார்த்தாள். கையை ஊன்றி எழுந்து நின்றாள்.

“எல்லாரும் போங்க,” என்றாள்.

சத்தமாகச் சொல்லவில்லை. எக்ஸ்சேஞ்சில் நேரம் முடிந்துவிட்டது என்று சொல்லும் அதே குரலில் சொன்னாள். சொல்லிவிட்டுப் பயந்து நின்றாள்.

ஒருத்தரும் முகம் சுளிக்கவில்லை. குடை பிடித்தவர் குடையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு நடந்தார். ஸ்டீபன் கையை விட்டார். ஆவுடையப்பன், “சரிம்மா, ஒரு கண் அசரு,” என்று தடியை எடுத்துக்கொண்டு படியை நோக்கித் திரும்பினார். அவருக்கு இரண்டு பேர் தோள் கொடுத்தார்கள். தவமணி ஊற்றின காபியைத் திரும்ப ஃபிளாஸ்க்கில் விட்டு, டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டு கடைசியாகக் கிளம்பினாள். படியில் இரண்டு எட்டு இறங்கியவள் நின்று திரும்பினாள்.

“தனியா இருக்கணும்னு ஒரு வார்த்தை நேத்தே சொல்லியிருக்கலாம்ல மதினி,” என்றாள். “எந்திரிச்சுப் போயிருப்போமே. நாங்க என்ன வேத்தாளா, கோவிச்சுக்கிட?”

செருப்புச் சத்தங்கள் ஒவ்வொன்றாக இறங்கின. வெளியூர்ப் பேச்சை நேரக் கணக்கில் அளந்த டிரங்க் கால் காலத்துப் பழக்கம், செண்பகவல்லி தன்னை அறியாமல் விநாடிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். மாடி முழுக்கக் காலியாக நாற்பது விநாடி ஆயிற்று.